'ஸ்டேஷன் பிடிக்கலியா?' – கடிதமும் பதிலும்

அண்ணா,

வணக்கம். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். சினிமாப் பாட்டு கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 'எக்ஸ்பெரிமென்டல்', அதாவது சோதனை இசை, என்று ஒரு பட்டியல் கிடைத்தது. அதில் முதலில் இருந்ததைப் போட்டேன். 20 நிமிடம் ஒரே இரைச்சல். இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்திருந்த அப்பா, "என்னப்பா, ஸ்டேஷன் பிடிக்கலியா?" என்றார். ஒரு காலத்தில் காமன் கூத்துக்குத் தப்படித்தவர் அவர். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் என் கேள்வியும் அதுதான். இந்த இசைக்குள் எப்படி நுழைவது? நாலைந்து ஆல்பம் சொல்லுங்கள். டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவன் நான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

அப்பா கேட்டது நியாயம். தப்பு அந்தப் பட்டியல் போட்டவருடையது. (இது வேறு தப்பு.) வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளையை முதல் நாளே செங்குத்து மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினால் அப்படித்தான் ஆகும்.

ரதி மதன் கதையை ஆடும் அந்தக் காமன் கூத்து நடக்கும் இரவை நினைத்துப் பாருங்கள். மாசிப் பனியில் தோல் தொய்ந்துபோய், தப்பை அடித்தால் 'பொத்' என்றுதான் கேட்கும். கவ்வாத்து மிலாறை, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை, போட்டுத் தீ மூட்டிக் காய்ச்சுவார்கள். ஒரு தட்டு தட்டி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, மறுபடி தீயில் காட்டுவார்கள். 'பொத்' போய் 'டங்' வரும்வரை இதே வேலைதான். அப்போது பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. ஓசை கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறுவதைச் சுற்றி நிற்பவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சின்ன வயதில் எனக்கு ரதி மதனைவிட அதுதான் பிடிக்கும். சோதனை இசைக்கு வேண்டியது அந்தக் காதுதான். மெட்டைத் தேடிக்கொண்டு போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

சரி, ஆல்பங்களுக்கு வருவோம். இந்தப் பழக்கத்துக்குப் புதியவருக்கு நான் முதலில் கொடுப்பது கொஞ்சம் பழையது: கொங்கோவின் கின்ஷாசா நகரத்துக் குழுவான கொனோனோ நம்பர் ஒன், 2004இல் வெளியிட்ட 'கொங்கோட்ரோனிக்ஸ்'. லிக்கெம்பே என்பது கட்டைவிரலால் மீட்டும் சின்ன வாத்தியம். தெருச் சத்தத்தில் அது எடுபடவில்லை. பழைய கார் பாகங்களிலிருந்து காந்தத்தைக் கழற்றி மைக் செய்தார்கள். நம் கோவில் திருவிழாவுக்கு மரத்தில் கட்டுவோமே, அந்த மாதிரிக் குழாய் ஸ்பீக்கரில் அதைக் கொடுத்தார்கள். சத்தம் கரகரத்தது. அந்தக் கரகரப்பைத் துடைக்காமல் அதையே தங்கள் இசையாக்கிக்கொண்டார்கள். எதிர்மலைக் கோவிலில் விடிகாலை போடும் பாட்டு, பள்ளத்தாக்கைத் தாண்டி உடைந்து உடைந்து வருவதைக் கேட்டு வளர்ந்தவருக்கு இது அந்நியமாகவே இருக்காது. முதல் 5 நிமிடம் ஒன்றையே திருப்பித் திருப்பி அடிப்பதுபோல் தோன்றும். நிறுத்திவிடாதீர்கள், கால் தானாக ஆடத் தொடங்கும்.

அடுத்தது இந்தோனேசியாவின் செனியாவா. இரண்டே பேர். ருல்லி ஷபாரா தொண்டையாலேயே உறுமுவார், ஓதுவார், அலறுவார். வுகிர் சுர்யாதி தன் வாத்தியங்களைத் தானே செய்துகொள்பவர். மூங்கிலில் செய்ததும் உண்டு, வயல் வேலைக் கருவிகளில் செய்ததும் உண்டு. 2021இல் வந்த இவர்களுடைய 'அல்கிசா' எனக்கு இந்தப் பத்தாண்டின் பெரிய ஆல்பங்களில் ஒன்று. அதை வெளியிட்ட விதமும் விசித்திரம். பெரிய கம்பெனி ஒன்றிடம் கொடுக்காமல், உலகம் முழுக்க 44 சின்ன வெளியீட்டாளர்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். அவரவர் தங்களுக்குப் பிடித்த அட்டையோடு வெளியிட்டார்கள். ராத்திரி லயத்து வீட்டில் சத்தமாகப் போட வேண்டாம், பக்கத்துக் காம்பராவில் பிள்ளைகள் எழுந்துவிடும்.

தமிழ்க் குரல் வேண்டுமானால் பாடகி கானவ்யா. 2024இல் வந்த 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்', 30க்கும் மேற்பட்ட கலைஞர்களை ஹூஸ்டனில் ஒன்றுகூட்டிச் செய்தது. கோல்ட்ரேனின் அமெரிக்க ஜாஸும் பஜனையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். அதில் சில இடங்கள் எனக்கு அளவுக்கு மீறிய பக்தியாகப் படும், தாண்டிவிடுவேன். 2025இல் வந்த 'நிலம்' இன்னும் அடக்கமானது. அதிலிருந்து தொடங்கினாலும் சரிதான்.

நம் நாட்டிலேயே பாலிஃபொனிக்ஸ் என்ற குழு இருக்கிறது. தென்பகுதிச் சிங்களக் கிராமங்களில் கிரகதோஷம் நீங்கச் செய்யும் 'பலி' சடங்கின் பாட்டும் பெர என்ற மேளமும், கூடவே ஜாஸ் டிரம்ஸும் பேஸும். 'ஃபியூஷன்' என்ற பெயரில் சிதாரை ஒரு பக்கமும் கிட்டாரை ஒரு பக்கமும் உட்கார வைத்துத் தலையாட்ட விடுவார்களே, அந்தச் சங்கதி இல்லை. இங்கே இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நிஜமாகவே தொந்தரவு செய்யும். தப்பையும் உறுமியையும் வைத்து நம் மலையில் யாராவது இதைச் செய்ய மாட்டார்களா என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் ஏங்குவேன்.

இவையெல்லாம் பழகிய பிறகு, அவசரமில்லாத ஒரு மழை நாளில், அமெரிக்க இசையமைப்பாளர் போலின் ஒலிவெரோஸும் அவருடைய இரு நண்பர்களும் 1989இல் வெளியிட்ட 'டீப் லிசனிங்'. வொஷிங்டன் மாநிலத்தில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்குள் இறங்கிப் பதிவு செய்தது. எதிரொலி அடங்க 45 விநாடி ஆகும். ஒரு சுரத்தை வாசித்துவிட்டு மூச்சு வாங்கித் திரும்பினால் அது இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

டேட்டா விஷயம். பேண்ட்கேம்ப் என்ற இசை விற்கும் இணையதளத்தில் பெரும்பாலான ஆல்பங்களை வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்கலாம். தினமும் ஸ்ட்ரீம் செய்வதைவிட, பிடித்ததை ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்வதே லாபம். 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 40 நிமிட ஆல்பம் 100 எம்பிக்குள் அடங்கும். ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், அடிநாதம் மொத்தமும் போய்விடும். சாதாரண இயர்ஃபோன் போதும்.

ஆனால் கொங்கோட்ரோனிக்ஸை மட்டும் ஸ்பீக்கரில், இஸ்தோப்பில், அப்பா இருக்கும்போது போடுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். அவர் விரல் நாற்காலிக் கையில் தட்டுகிறதா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்