யூட்டாவில் பைசன் வேட்டை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஹென்றி மலைத்தொடரில் பைசன் கூட்டம் ஒன்று வேலி இல்லாமல் பொது நிலத்தில் திரிகிறது. அங்கே ஒரு வேட்டை வழிகாட்டியின் முகாமில் மூன்று சீசன் வேலை பார்த்தேன். சமைத்தேன், இறைச்சி சுமந்தேன். அது பற்றி எழுதச் சொல்லி நிறையப் பேர் கேட்டீர்கள். அனுமதி, மலை, விலங்கு, இறைச்சி பற்றிக் கேளுங்கள். எந்தத் துப்பாக்கி நல்லது என்ற விவாதம் மட்டும் இங்கே வேண்டாம்.

ஏரிக்கரை: பைசன் என்றால் கோத்தகிரி தேயிலைத் தோட்டத்தில் வந்து நிற்குமே, அந்தக் காட்டெருமையா?

இல்லை. நம்மூரில் நிற்பது காட்டுமாடு. சங்கப் பாட்டில் ஆமா என்று வருவது அதுதான். வெள்ளைக்காரர்கள் அதற்கு 'இந்தியன் பைசன்' என்று பெயர் வைத்ததால் வந்த குழப்பம் இது. அமெரிக்க பைசன் வேறு இனம். தலையிலும் தோளிலும் சடை, முன்னால் பெரிய திமில், பின்பக்கம் சிறுத்திருக்கும்.

வைகைக்கரை: லாரியில் கொண்டுவந்து விட்ட மாடுகள் என்று படித்தேன். அதைச் சுடுவது எப்படிக் காட்டு வேட்டை ஆகும்?

கொண்டுவந்து விட்டது உண்மை. 1941-ல் யெல்லோஸ்டோன் பூங்காவிலிருந்து 18 உருப்படிகள் வந்தன. மூன்று காளை, பதினைந்து பசு. அடுத்த வருடம் இன்னும் ஐந்து காளைகள். அவற்றை இறக்கிவிட்டது மலையில் இல்லை, ராபர்ஸ் ரூஸ்ட் என்ற வறண்ட பாலையில். அந்த இடம் அவற்றுக்குப் பிடிக்கவில்லை. டர்ட்டி டெவில் ஆற்றைத் தாண்டி மேற்கே போயின. 1963-ல் தாங்களாகவே ஹென்றி மலைக்கு ஏறி அங்கேயே தங்கிவிட்டன. யாரும் தீவனம் போடுவதில்லை, பட்டியில் அடைப்பதில்லை. 3500 மீட்டர் உயரமுள்ள எல்லன் சிகரத்தின் சரிவிலிருந்து கீழே பாறை மேடுகள் வரை அவை வைத்ததுதான் வழி. 2015 வாக்கில் வந்த மரபணு ஆய்வில் நாட்டுமாட்டுக் கலப்புக்கான தடயம் கிடைக்கவில்லை. கால்நடைகளுக்குப் பரவும் ப்ரூசெல்லோசிஸ் நோயும் இவற்றிடம் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து அமையும் பைசன் கூட்டம் மிக அபூர்வம். அதனால்தான் இவற்றை 'மாடுகள்' என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை.

டாலஸ் தம்பி: வழிகாட்டிக்குப் பணம் கட்டினால் அடுத்த வருடமே போகலாமா அண்ணா?

முடியாது தம்பி. அனுமதிச் சீட்டு மாநிலத்தின் குலுக்கலில் விழ வேண்டும். வனவிலங்கு அமைப்புகள் ஏலம் விடும் மிகச் சில சீட்டுகளைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது. வெளிமாநிலத்தவருக்குப் பத்தில் ஒரு பங்குதான். வருடா வருடம் விண்ணப்பித்தால் புள்ளிகள் சேரும், ஆனாலும் பல வருடம் காத்திருக்க வேண்டிவரும். விழுந்துவிட்டால் ஆயுளுக்கு ஒரே முறை. வழிகாட்டியை அதற்கப்புறம் தேடினால் போதும். பொது நிலத்தில் தொழில் செய்ய அவரிடம் நில நிர்வாகத் துறையின் அனுமதி இருக்கிறதா என்று கேட்டு, தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

ஓசூர் ராஜா: எச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி தொடலாமா?

பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விதிவிலக்கு உண்டு. வழக்கறிஞரிடம் கேட்காமல் இறங்காதீர்கள்.

மலைத்தேன்: வழிகாட்டி அப்படி என்னதான் செய்வார்? கண்ணெதிரே நிற்கிற மிருகத்தைச் சுட ஒருவர் எதற்கு?

பல பேருக்கு இருக்கும் எண்ணம் இது. விரிவாகவே சொல்கிறேன்.

விடியும் முன் ஒரு மேட்டில் உட்கார்ந்து பைனாகுலரில் சரிவு சரிவாகத் தேடுவோம். ஜூனிப்பர் மரங்களுக்குள் கூட்டம் நின்றால் கரும்பாறை மாதிரியே இருக்கும். கண்டபிறகுதான் உண்மையான வேலை. சீட்டு பசுவுக்கு என்றால் காளையைத் தொடக்கூடாது. கொம்பைப் பார்க்க வேண்டும். பசுவின் கொம்பு ஒல்லியாக எழுந்து நுனியில் உள்பக்கம் வளையும். காளைக்கு அடி தடித்துக் கூம்பு மாதிரி இருக்கும். இளங்காளை இரண்டுக்கும் நடுவில் நின்று குழப்பும். அடுத்தது, திமிலைப் பார்த்து ஏமாறக் கூடாது. இதயம் மார்பின் அடிப்பகுதியில், முன்னங்காலுக்குப் பின்னால் இருக்கிறது. திமிலைக் கணக்கில் சேர்த்து 'நடுவில்' சுட்டால் காயம்பட்ட விலங்கு மைல் கணக்கில் போய்விடும்.

ஒரு முறை நல்ல பசு ஒன்று பக்கவாட்டில் நின்றது. அதன் வயிற்றுக்கு அடியில் நான்கு சின்னக் கால்கள் தெரிந்தன, பின்னால் கன்று. குண்டு ஊடுருவிப் போகும். வழிகாட்டி வேட்டைக்காரரின் தோளில் கை வைத்து அழுத்தியபடியே இருந்தார். முக்கால் மணி நேரம். கடைசியில் கூட்டம் மேடேறிப் போய்விட்டது. அன்று யாரும் சுடவில்லை. வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு அந்தக் கைக்குத்தான்.

அப்புறம் சுமை. சுடும் முன் இதை யோசியுங்கள். பசுவே 450 கிலோ இருக்கும், பெரிய காளை 900 கிலோவைத் தொடும். பசுவில் எலும்பு நீக்கிய கறி 150 கிலோவுக்கு மேல் வரும். ஆள் ஒன்றுக்கு 30 கிலோ என்றால் எத்தனை நடை என்று கணக்குப் போடுங்கள். தோலும் சடையும் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். பனி கிடக்கும்போதுகூட தோலை உரித்ததும் தோளிலிருந்து ஆவி எழும், கையை வைத்தால் சுடும். உடனே உரித்துத் துண்டாக்கிக் காற்றில் தொங்கவிடாவிட்டால் எலும்பை ஒட்டிய கறி புளித்துப் போகும். உண்ணக்கூடிய கறியை வீணாக்குவது அங்கே சட்டப்படி குற்றம்.

குன்னூர்க்காரன்: அண்ணா, ஊட்டி காட்டெருமைக்கும் லைசென்ஸ் கிடைக்குமா?

கிடைக்காது. 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது. அது வேறு இனம் என்பதை மேலே முதல் பதிலில் சொல்லிவிட்டேன்.

வைகைக்கரை: பொது நிலம், பொது விலங்கு. எதற்காகக் கொல்ல வேண்டும்? பண்ணைக்காரர்களின் மாட்டுக்குப் புல் மிச்சம் பிடிக்கத்தானே?

புல்வெளி: பண்ணைக்காரர் காசு கட்டி மேய்க்கிறார். பைசன் அந்தப் புல்லை மொட்டையடித்தால் அவர் எங்கே போவார்?

இரண்டு பேரும் இதிலேயே நிற்கிறீர்கள், எனக்கும் இதுதான் முக்கியமான விஷயம். யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த மலையிலேயே அளந்து பார்த்தார்கள். தின்னப்பட்ட புல்லில் பண்ணை மாடுகளின் பங்கு சுமார் 52 சதவீதம், முயல்களின் பங்கு 34, பைசனின் பங்கு 14 கூட இல்லை. புல்வெளி, முயல் தின்றதைப் பைசன் கணக்கில் எழுதாதீர்கள். வைகைக்கரை, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மலையில் ஓநாய் கிடையாது, பூமா என்ற பெரும்பூனை வளர்ந்த பைசனைத் தொடுவது அபூர்வம். தண்ணீரும் குறைவு. வேட்டைக்குப் பிறகு வளர்ந்தவை 325 இருக்கட்டும் என்று மாநிலம் இலக்கு வைத்திருக்கிறது. அந்த எண் புல்லைப் பார்த்து மட்டும் வந்ததல்ல, பண்ணைக்காரர்களோடு பேசி ஒத்துக்கொண்டதும் அதில் உண்டு. அது இன்னும் கூடலாம் என்பது என் கருத்து. வேட்டையையே நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

புல்வெளி: முயல் கணக்கை எந்தப் பண்ணைக்காரரும் ஏற்க மாட்டார்.

வேலி கட்டி, உள்ளேயும் வெளியேயும் வளர்ந்த புல்லை அறுத்து எடை போட்ட கணக்கு அது. மாடும் பைசனும் நுழைய முடியாமல் முயல் மட்டும் நுழையும் வேலி, எதுவுமே நுழைய முடியாத வேலி என்று தனித்தனியாகக் கட்டினார்கள். மறுக்க வேண்டுமானால் இன்னொரு வேலி கட்டித்தான் மறுக்க வேண்டும்.

நெய்தல்: கோத்தகிரியில் என் வீட்டு வாசலுக்கே வருகிறதே, அதுவும் இதுவும்...

முதல் பதில், தயவுசெய்து.

டாலஸ் தம்பி: வழிகாட்டி இல்லாமல் நண்பர்கள் இரண்டு பேர் போனால்?

போகலாம், சட்டம் தடுக்கவில்லை. இரண்டு பேர், 150 கிலோ, பாதை இல்லாத சரிவு. சுமப்பதை முதலில் யோசியுங்கள் என்று இன்னொரு தடவையும் சொல்கிறேன்.

ஆச்சி சமையல்: கறி எப்படி இருக்கும்? குழம்புக்கு ஆகுமா?

நன்றாக ஆகும் அம்மா. மாட்டுக்கறியைவிடக் கொழுப்பு குறைவு, அதனால் பெருந்தீயில் வைத்தால் வறண்டுவிடும். முகாமில் தொடைக்கறியைச் சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் போட்டு மூன்று மணி நேரம் சிறுதீயில் வைப்பேன். எண்ணெய் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கூட விடுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள்.