இங்கே இடைவெளி, அங்கே இல்லை: எந்தப் படத்தை நம்புவது?

கேள்வி: மாங்கனீசு பிஸ்மத் டெலுரைடு படிகத்தை இரண்டு ஆய்வகங்களில் ஒளியுமிழ்வு முறையில் (ஒளி பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களை அளக்கும் முறை) அளந்தேன். ஹீலியம் விளக்கின் 21.2 எலக்ட்ரான் வோல்ட் ஒளியில் பெரிய ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் பகுதி) தெரிந்தது. 7 எலக்ட்ரான் வோல்ட் லேசரில் இடைவெளியே இல்லை. படிகம் கெட்டுவிட்டதா?
(ஆய்வு மாணவி, பெருந்துறை)

பதில்: படிகத்தைக் குறை சொல்வதற்கு முன் விளக்கைச் சந்தேகப்படுங்கள். மேற்பரப்பு எலக்ட்ரான்கள் எவ்வளவு பளிச்சென்று பதிவாகும் என்பது விழும் ஒளியின் ஆற்றலைப் பொறுத்தது. இந்தப் பொருளில் அந்த ஏற்றத்தாழ்வு அதிகம். சில ஆற்றல்களில் மேற்பரப்புப் பட்டை (அந்த எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல்களின் தொகுப்பு) மங்கி, உட்பகுதிப் பட்டைகள் மட்டும் மிஞ்சும். அவற்றின் நடுவே தெரியும் இருட்டைத்தான் இடைவெளி என்று எண்ணிவிடுகிறோம். 2019இல் ஆய்வுலகமே இதில் சிக்கியது. கோட்பாட்டுக் கணக்கு, இடைவெளி சுமார் 88 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்றது. குறைந்த ஆற்றல் ஒளியில் அளந்த பல குழுக்களுக்கோ ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. கணக்கு சொன்ன இடைவெளி ஏன் தெரியவில்லை என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. மாங்கனீசும் பிஸ்மத்தும் இடம் மாறி உட்கார்ந்துகொள்வதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

ஆகவே லேசர் படத்தை முன்னால் வையுங்கள், மற்றதையும் மறைக்காதீர்கள்.

படிகம் நல்லதா என்பதற்கு வேறு சோதனை இருக்கிறது. சுமார் 25 கெல்வினுக்குக் கீழேதான் இது எதிர்ஃபெரோகாந்தம் (அடுத்தடுத்த அடுக்குகளின் காந்தத் திசைகள் எதிரெதிராக அமைவது) ஆகிறது. 10 கெல்வினிலும் 40 கெல்வினிலும் ஒரே இடத்தில் அளவெடுங்கள். குளிரும்போது கடத்தல் பட்டை (இடைவெளிக்கு மேலே உள்ள பட்டை) இரண்டாகப் பிரிந்தால் காந்தம் தன் வேலையைச் செய்கிறது. 40 கெல்வினிலும் அசையாமல் நிற்கும் இடைவெளியைக் காந்த ஒழுங்கின் கணக்கில் எழுத முடியாது. வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். வெளியேறும் எலக்ட்ரானின் பாதையே வளைந்து கோணக் கணக்கு குழம்பிவிடும்.

ஈரோட்டு மண்டியில் மஞ்சளை மேல்தோலைப் பார்த்து யாரும் விலை வைப்பதில்லை. ஒடித்து, உள்நிறத்தைப் பார்ப்பார்கள். நம் வேலையும் அதுதான். ஒளியுமிழ்வில் தகவல் வருவது மேலே உள்ள சில அணு அடுக்குகளிலிருந்து மட்டுமே. காற்று பட்ட முகம் பயன்படாது. மிகை வெற்றிடத்துக்குள் வைத்தே பிளக்க வேண்டும். அங்கேயும் மிச்ச வாயு மெல்லப் படிந்து பட்டைகளை நகர்த்தும். எனவே முதலில் எடுத்த அளவீட்டைக் கடைசியில் ஒருமுறை திரும்ப எடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் நடுவில் எடுத்தவற்றை வெப்பநிலை மாற்றம் என்று நம்பாதீர்கள்.

பிளப்பதற்காக மேலே ஒட்டும் சிறு தூணுக்குப் பசை ஒரு துளிக்கும் குறைவாகப் போதும். பக்கவாட்டில் வழிந்து அடித்தட்டைத் தொட்டுவிட்டால், எவ்வளவு தட்டினாலும் படிகம் பிளக்காது. தூண் மட்டும் கையோடு வரும்.