நாற்பதைத் தாண்டிய பிறகு பிள்ளைகளோடு சேர்ந்து சிலம்பம் கற்கத் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். நான் கம்பைப் பிடித்தபோது எனக்கு வயது 41. மகளுக்கு 10, மகனுக்கு 7. மதுரையில் ஒரு பள்ளி மைதானத்தில் சனி, ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வகுப்பு. ஐந்தாறு மாதம் மற்ற அம்மாக்களோடு சுவரோரம் உட்கார்ந்து கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தவள்தான் நானும். ஒருநாள் மாஸ்டர், "சும்மாதானே இருக்கிறீர்கள் அக்கா, வாருங்கள்" என்று ஒரு கம்பை நீட்டிவிட்டார்.

எல்லோரும் உடம்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். முதல் மாதம் தோள், மணிக்கட்டு, கெண்டைக்கால் எல்லாம் வலிக்கும். சொந்தக் கம்பே காதில் பட்டால் கண்ணில் பூச்சி பறக்கும். முழங்கால் தொல்லையோ இரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேருங்கள். குதித்துத் திரும்புவதை நான் இன்றும் தவிர்த்துவிடுகிறேன், மாஸ்டர் கண்டுகொள்வதில்லை.

உண்மையான கஷ்டம், பெற்ற பிள்ளைக்கு ஜூனியராக நிற்பது. எங்கள் மைதானத்தில் முந்திச் சேர்ந்தவர் முன்வரிசை. மகன் முன்னே, நான் கடைசியில் ஆறு வயது வாண்டுகளோடு. பிள்ளைகள் கண்ணால் பார்த்ததை அப்படியே செய்துவிடுகிறார்கள். நமக்கோ எந்தக் கால் முன்னே, எந்தக் கை மேலே, ஏன் அப்படி என்று விளக்கம் வேண்டும். அதைக் கேட்டு முடிப்பதற்குள் அவர்கள் நான்கு சுற்று சுற்றிவிடுவார்கள். காலடிக்கே, அதாவது கால் எடுத்து வைக்கும் முறைக்கே, எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கால் சரியாக வந்தால் கை மறந்துபோகும்.

வீச்சைச் சொல்லித்தந்தவள் மகள்தான். ஒரு மாலை மொட்டை மாடியில் என் பின்னால் நின்று கம்பின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தவள், "அம்மா, நீ தோளால் சுற்றுகிறாய். சத்தமே வரவில்லை பார்" என்றாள். அவள் சுழற்றினால் 'விர்ர்' என்று காற்றுக் கிழியும். என் கம்பு ஊமையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "முழங்கையை விலாவோடு ஒட்டி வை. மணிக்கட்டை மட்டும் திருப்பு." பத்து நிமிடத்தில் என் கம்புக்கும் வாய் வந்தது.

மைதானத்துக்குள் அம்மா வேலை பார்க்காதீர்கள். ஆரம்பத்தில் நான் கடைசி வரிசையிலிருந்து மகனைப் பார்த்து, "ஒழுங்காகப் பிடிடா" என்று குரல் கொடுத்தேன். மாஸ்டர் திட்டவில்லை, என்னைப் பத்துச் சுற்று ஓடவிட்டார். மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இன்னொன்று: அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இட ஒதுக்கீட்டில் இப்போது சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளிலும் அதைச் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்த்திருந்தார்கள். நல்லதுதான். ஆனால் சான்றிதழுக்காகவே பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் எங்கள் மைதானத்தில் நிறையப் பேர். போட்டி நெருங்கினால் மாஸ்டரின் கண் முழுவதும் அந்தப் பிள்ளைகள்மேல்தான் இருக்கும். சான்றிதழும் வேலையும் தேடாத நம்மைப் போன்றவர்கள் கூச்சப்படாமல் கேட்டுக் கேட்டுத்தான் கற்க வேண்டும். மே மாதம் சேராதீர்கள். கோடை வகுப்புக் கூட்டத்தில் கம்பை வீச இடமே இருக்காது. ஜூனில் பள்ளி திறந்ததும் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள், அப்போது போங்கள்.

கம்பு மூங்கிலில், தரையில் ஊன்றினால் உங்கள் நெற்றியளவு இருக்கட்டும். பிள்ளைகளுக்கு வளர வளர மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அக்காவின் பழைய கம்பு தம்பிக்கு. கூடத்தில் மட்டும் சுற்றிப் பார்க்காதீர்கள். இதுவரை இரண்டு டியூப் லைட்டும் ஒரு சுவர்க் கடிகாரமும் போயிருக்கின்றன. கடிகாரம் என் கணக்கு.