குதிரை ஒரே மூலையில் நின்றுவிடுகிறது: சண்டித்தனமா, பயமா?

கேள்வி இதுதான்: 13 வயது மகள் சனிக்கிழமைகளில் குதிரையேற்றம் கற்கிறாள். அவள் ஏறுவது முன்பு பந்தயத்தில் ஓடிய குதிரை. திடலின் ஒரு மூலைக்கு வந்தால் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது, சில நாள் துள்ளி விலகுகிறது. "சின்னப் பிள்ளை என்று ஏய்க்கிறது, இரண்டு அடி போட்டால் வழிக்கு வரும்" என்கிறார்கள். அடிக்கச் சொல்லலாமா?

வேண்டாம். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு, கொஞ்சம் வெட்கமும் உண்டு. அப்பா சிங்கப்பூரின் புக்கிட் தீமா பந்தயத் திடலில் சைஸ் வேலை பார்த்தவர், அதாவது குதிரைப் பராமரிப்பாளர். 1999இல் பந்தயம் கிராஞ்சிக்கு மாறியபோது நானும் லாயத்துக்குள் நுழைந்தேன். பிறகு ஒரு குதிரையேற்றப் பள்ளியில், ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளைப் பிள்ளைகள் ஏறும் அளவுக்குப் பழக்கும் வேலை. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியதோடு எங்கள் வீட்டில் லாயப் பேச்சு பழங்கதையாகிவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளியில் நான் சேர்ந்த வருடம் ஒரு செம்பழுப்புக் குதிரை என்னிடம் வந்தது. லாயத்திலிருந்து திடலுக்குப் போகும் வழியில் ஒரு லோங்காங், அதாவது வடிகால், மேலே இரும்புக் கம்பி மூடி. அங்கே வந்ததும் நான்கு காலையும் ஊன்றி நிற்கும். எனக்குக் கோபம். சவுக்கால் பின்தொடையில் இரண்டு வைத்தேன், தாவிக் கடந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அடிக்காமலே பாய்ந்து கடந்தது, பார்த்தாயா என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் லோங்காங்குக்குப் பத்து மீட்டர் முன்னாலேயே சுழன்று திரும்பியது. நான் கீழே, காறை எலும்பு முறிவு, ஆறு வாரம் கை தூளியில்.

அது என்ன கற்றுக்கொண்டது என்று படுத்துக்கிடந்தபோதுதான் யோசித்தேன். அந்த இடத்தில் ஏதோ ஆபத்து என்று அதற்கு முதலிலேயே சந்தேகம். அங்கே போகும்போதெல்லாம் வலியும் வந்தது. சந்தேகத்தை நான்தான் உறுதி செய்து கொடுத்திருக்கிறேன்.

லாயத்தில் இரண்டு வார்த்தை உண்டு. ஒன்று மிரளுது, மற்றது சண்டி பண்ணுது. வெளியில் இருப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். மிரளும் குதிரை தலையைத் தூக்கும், இரண்டு காதையும் அந்தப் பொருளை நோக்கிக் குத்திட்டு வைக்கும், மூக்குத் துளை விரியும், கழுத்து பலகை மாதிரி இறுகும், சில சமயம் இளக்கமாகச் சாணி போடும். சண்டி பண்ணும் குதிரைக்கு இவ்வளவு பதற்றம் இராது. ஒரு காது உங்கள் மேல், மற்றது வாசல் பக்கம். காதைப் பின்னால் மடக்கி, வாலைச் சுழற்றிச் சுழற்றி அடித்தால் மூன்றாவதாக ஒன்றை யோசிக்க வேண்டும்: வலி.

வலியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் மிகச் சாதாரணம். குதிரையின் வயிறு நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், மேயும் பிராணி அல்லவா. அதற்குத் தானியத்தை அதிகம் கொடுத்து, புல்லைக் குறைத்து, வேகமாகவும் ஓட வைத்தால் வயிறு புண்ணாகிவிடும். வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வந்தால் அதைக் குறும்பு என்று சிரிக்காதீர்கள். கடைவாய்ப் பற்களும் வளர்ந்துகொண்டே வந்து ஓரம் கத்தி மாதிரி ஆகும், வருடத்துக்கு ஒரு முறையாவது மருத்துவர் அராவிவிட வேண்டும். அப்புறம் சேணம். தோளில் அழுத்தும் சேணத்தோடு மூலையில் வளைந்து திரும்புவது எப்படி இருக்கும்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. சேணம் இல்லாமல், ஆள் ஏறாமல், பழகியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்து அதே மூலைக்கு நடத்திப் போகட்டும். சாதாரணமாக வந்தால் முதுகையும் வாயையும் ஏறுபவரையும் பாருங்கள். அப்போதும் மிரண்டால் மூலையைப் பாருங்கள்.

மூலையில் என்ன இருக்கும்? நமக்கு ஒன்றுமே தெரியாது, அங்கேதான் சிக்கல். குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருக்கிறது, கிட்டத்தட்ட முழு வட்டத்தையும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும் மட்டும் தெரியாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாது. நம்மைவிட இருட்டில் நன்றாகப் பார்க்கும், ஆனால் வெயிலிலிருந்து நிழலுக்கு வந்தால் கண் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். நம்மூர் வெயிலில் கூரை போட்ட திடலுக்குள் நுழைகிற குதிரைக்கு அந்த மூலை ஒரு கறுப்புக் குழி. குழியில் புலி இருக்கிறதா என்று நின்று பார்த்த மூதாதையர்களின் பிள்ளைதான் அது.

இன்னொன்று, பயம் சேர்ந்துகொண்டே போகும். காலையில் கொசுவுக்குப் புகை அடித்தார்கள், பதினொரு மணிக்குப் புல் வெட்டுபவரின் இயந்திரம், மதியம் இடி. மாலையில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்ததும் குதிரை வெடிக்கும். "நேற்று இதே பைக்கு ஒன்றும் செய்யவில்லையே, இன்று நடிக்கிறது" என்பார்கள்.

என் லோங்காங் குதிரையைச் சரி செய்தது நான் இல்லை, அங்கே இருந்த ஒரு வயதான சைஸ் அண்ணன். கயிற்றோடு நடத்திப் போவார். குதிரையின் காது நிமிர்ந்து, கால் இன்னும் இளகியே இருக்கும் இடத்தில் நிறுத்துவார். முதல் நாள் அது பன்னிரண்டு மீட்டர் தள்ளி. சும்மா நிற்பார், தலை தாழ்ந்து ஒரு பெருமூச்சு வரும்வரை. வந்ததும் திரும்பிப் போய்விடுவார். அவ்வளவுதான், வேலை முடிந்தது. "இன்னும் ரெண்டு அடி போயிருக்கலாமே அண்ணே" என்றால், "அது கேட்டுச்சா உன்கிட்ட?" என்பார். அது தானாகவே நடந்துபோய் அந்தக் கம்பியை மோந்து பார்க்கப் பதினோரு நாள் ஆனது.

கவனியுங்கள், அவர் திரும்பியது குதிரை அமைதியான பிறகு. துள்ளும்போது திரும்பினால் பாடம் தலைகீழாகிவிடும். குதிரை கற்பது அழுத்தத்திலிருந்து அல்ல, அழுத்தம் விடுபடும் நொடியிலிருந்து. துள்ளியதும் பிள்ளையை இறக்கிவிட்டு லாயத்துக்குக் கொண்டுபோனால், துள்ளினால் வேலை முடியும் என்று அது குறித்துக்கொள்ளும். உண்மையான சண்டிக் குதிரை பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது, நம் கையாலேயே.

உங்கள் மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவீடனில் செய்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடிக்கும். குதிரையை நடத்திப் போனவர்களிடமும் ஏறிப் போனவர்களிடமும், இந்தச் சுற்றில் ஒரு குடையை விரிக்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். குடையை விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதருக்கும் இதயத் துடிப்பு கூடியது, குதிரைக்கும் கூடியது. மூலை நெருங்கும்போது மகள் மூச்சை அடக்கி லகானை இறுக்கினால், அங்கே ஏதோ இருக்கிறது என்று அவளே குதிரைக்குச் சொல்கிறாள். அந்த இடத்தில் அவளைச் சத்தமாகப் பாடச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், பாடினால் மூச்சை அடக்க முடியாது.

பயிற்றுநரிடம் சண்டை போட வேண்டாம். "கொஞ்ச நாள் மூலையை அகலமாகச் சுற்றிவரலாமா, பல்லும் சேணமும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்பவரிடம் தொடரலாம். எரிச்சல்படுபவரிடம் என் பிள்ளையை நான் விடமாட்டேன்.

வகுப்பு எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. மாலை ஐந்து என்றால் அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் முன்னதாகப் போய், அந்த மூலையில் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள்.