காட்டுக் கமிட்டில பெண்கள்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அக்கா, எங்க ஊர் காட்ட பாத்துக்கற கமிட்டில ஒரு அம்மாவ போட்டாச்சு. ஆனா வாயே தெறக்கறதில்ல. ஆர்வம் இல்லன்னு எடுத்துக்கலாமா?

பதில்: அப்படி எடுத்துக்காதீங்க தம்பி. பத்து ஆம்பளைங்க, அதுல பாதி பேரு அவங்களுக்கு மாமனார் முறை மச்சான் முறை, நடுவுல ஒத்த ஆளா உக்காந்து என்னத்த பேசுவாங்க? பீனா அகர்வால்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் நேபாளத்துலயும் இந்தியாவுலயும் இந்த மாதிரி நெறைய காட்டுக் குழுக்கள பாத்துட்டு சொன்னது இது தான், கமிட்டில கால் பங்குலேர்ந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் பெண்கள் இருந்தா தான் கூட்டத்துக்கு வர்றதும் பேசறதும் பொறுப்பு எடுக்கறதும் நடக்குது. ஒருத்தர மட்டும் போட்டா ரிஜிஸ்டருக்கு கையெழுத்து கெடைக்கும், அவ்ளோ தான்.

கேள்வி: நாலு வருஷம் காட்ட மூடி வச்சா தானா வளரும். இதுல பெண்கள கேக்க என்ன இருக்கு?

பதில்: இங்க தான் எல்லாரும் சறுக்குறாங்க. பல ஊர்ல கட்டைக்கும் கம்புக்கும் போறது ஆம்பளைங்க, அது என்னிக்கோ ஒரு நாள் தேவை. விறகு, புல்லு, தழை எடுக்கறது பெண்கள், அது தெனமும் வேணும். நீங்க ராத்திரி கூட்டத்துல "யாரும் உள்ள போகக்கூடாது"ன்னு எழுதிட்டு போயிடுவீங்க, காலைல அடுப்பு எரியணுமே, அப்போ இன்னும் தூரமா நடக்கணும் இல்லன்னா திருட்டுத்தனமா உள்ள போகணும், மாட்டினா அபராதம், சண்டை, அப்புறம் "பெண்கள் தான் காட்ட அழிக்கறாங்க"ன்னு பேச்சு வேற. அவங்கள வச்சு விதி போட்டா காஞ்ச சுள்ளி மட்டும் எடுக்கலாம், மாட்ட உள்ள விடாம புல்ல அறுத்துட்டு வரலாம், இன்ன கெழமை தொறக்கலாம்னு வழி வரும். எந்த சரிவுல கன்னு தழையுதுன்னும் தெனம் நடக்கறவங்களுக்கு தான் தெரியும்.

கேள்வி: பெண்கள் கையில குடுத்தா காடு காலின்னு எங்க தலைவர் சொல்றாரு மேடம்.

பதில்: நேபாளத்துலயும் குஜராத்துலயும் அதே ஆய்வாளர் அளந்து பாத்ததுல பெண்கள் அதிகமா இருந்த கமிட்டிகளோட காடு தான் நல்லா தேறியிருந்துச்சு. நேபாளத்துல பெண்கள் மட்டுமே நடத்தின குழுக்களுக்கு கெடைச்சது சின்ன காடு, அதுவும் மொட்டையா போனது (நல்லத யாரு குடுப்பா), அப்பவும் மத்தவங்கள விட நல்லா கொண்டு வந்திருக்காங்க. உத்தராகண்ட்ல ரேணி கிராமத்துல 1974ல ஊர் ஆம்பளைங்க இல்லாத நேரமா பாத்து மரம் வெட்ட ஆள் வந்தப்போ மறிச்சு நின்னது கௌரா தேவியும் கூட இருந்த பெண்களும் தான், இதையும் தலைவருக்கு சொல்லுங்க.

கேள்வி: சட்டத்துல ஏதாவது இருக்கா?

பதில்: இருக்கு. இந்தியாவுல 2006 வன உரிமைச் சட்டத்தோட விதிப்படி வன உரிமைக் குழுவுல (காட்டு உரிமை கேட்டு வர்ற மனுக்கள சரிபாக்கற ஊர்க் குழு) 10லேர்ந்து 15 பேரு, அதுல குறைஞ்சது மூணுல ஒரு பங்கு பெண்கள். கிராம சபைக்கு பாதி பேராவது வரணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்கு பெண்களா இருக்கணும். கல்யாணம் ஆனவங்களுக்கு பட்டா ரெண்டு பேரு பேர்லயும் தான். நேபாளத்துல 2009 வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேல, கமிட்டில பாதி பெண்கள், தலைவர் செயலாளர் ரெண்டுல ஒண்ணு பெண்.

கேள்வி: எங்க காட்டுக் குழுவுல வீட்டுக்கு ஒரு மெம்பர்னு வச்சிருக்கோம், சரியா?

பதில்: தப்பு. அந்த ஒருத்தர் யாருன்னு சொல்லவே வேணாம். வீட்டுக்கு ரெண்டு பேரு, ஒரு ஆண் ஒரு பெண்ணுன்னு மாத்துங்க.

கேள்வி: காட்டுக் காவலுக்கு பெண்கள அனுப்பலாமாக்கா? பயமா இருக்கு.

பதில்: நீங்க அனுப்பலன்னாலும் பல ஊர்ல அவங்களா கூட்டமா ரவுண்டு போயிட்டு தான் இருக்காங்க. உள்ள விறகு எடுக்கற பெண்ண ஒரு ஆம்பள வாட்சர் தடுத்தா வேற பிரச்சனை கெளம்பும், பெண்களே கேட்டா பேசி முடிஞ்சுடும். ஜோடியா, பகல்ல போகட்டும். ஆனா வாட்சருக்கு சம்பளம், இவங்களுக்கு வெறும் நன்றின்னு வைக்காதீங்க, ரெண்டு மாசத்துல நின்னுடுவாங்க, நானா இருந்தாலும் நின்னுடுவேன்.