துரோகி என்ற சொல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்ற குடியேற்றவாசிகள் எத்தனை பேர்? பெஞ்சமின் பிராங்க்ளினின் மகன் வில்லியமும் அந்தத் துரோகிகளில் ஒருவர் என்று படித்தேன். பெற்ற தந்தையை எதிர்க்க எப்படி மனம் வந்தது?

கதிர்

அன்புள்ள கதிர்,

எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளையரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. சுமார் 60,000 பேர் நாட்டைவிட்டே போனார்கள். விடுதலை கிடைக்கும் என்று மன்னர் படையிடம் ஓடிய கறுப்பின அடிமைகளும் மன்னர் பக்கம்தான் நின்றார்கள். அவர்களும் துரோகிகளா?

சில நாட்களாக நான் வில்லியமைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்களோ ஒரே சொல்லில் அவரை முடித்துவிட்டீர்கள். படித்தவர் இப்படி எழுதலாமா? 1752இல் தந்தை மின்னலை ஆராயப் பட்டம் விட்டபோது உடனிருந்த மகன் அவர். 1763இல் நியூ ஜெர்சியின் ஆளுநராகப் பொறுப்பேற்றார். தந்தையும் 1774 வரை மன்னரின் அஞ்சல் துறையில் உயர் அதிகாரி. பேரரசு உடையக் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் வாதாடியவர். பிறகு தந்தை மாறினார், மகன் மாறவில்லை. மன்னருக்குக் கொடுத்த வாக்கை மீறாதவரை எந்தக் கணக்கில் துரோகி என்கிறீர்கள்?

1776இல் வில்லியமைக் கைது செய்து கனெக்டிகட்டில் வைத்தார்கள். மறு ஆண்டு நியூயார்க்கில் மனைவி எலிசபெத் சாகக் கிடந்தார். ஒருமுறை பார்த்துவர அனுமதி கேட்டு வில்லியம் புரட்சிப் படையின் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்கு எழுதினார். வாஷிங்டன் அதைப் புரட்சியாளர்களின் பேரவையான காங்கிரஸின் முடிவுக்கு விட்டார். காங்கிரஸ் மறுத்தது. ஜூலையில் எலிசபெத் இறந்தார். இந்த இடத்தைத் தாண்டி என்னால் படிக்கவே முடிவதில்லை, கதிர்.

என் அப்பாவும் பெரியப்பாவும் கட்சிச் சண்டையில் பதினோரு ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டிலும் ‘துரோகி’ என்ற சொல்தான் புழங்கியது. அப்பாவைத் தூக்கி வளர்த்தவர் பெரியம்மா. அவர் இறந்த அன்று அப்பா துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பெரியப்பா வீட்டுத் தெருமுனை வரை போனவர், வாசலில் கட்டியிருந்த கட்சிக் கொடியைப் பார்த்துத் திரும்பிவிட்டார். அப்பாவை எந்தக் காங்கிரஸும் தடுக்கவில்லை.

பிராங்க்ளின் 1784இல் மகனுக்கு எழுதினார், முதுமையில் ஒரே மகன் கைவிட்டதைப்போல எதுவும் வலிக்கவில்லை என்று. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சந்தித்தார்கள். நிலத்தையும் கடனையும் பேசித் தீர்த்தார்கள். அதன்பின் சந்திக்கவே இல்லை.

அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. துண்டை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.