முதியோருக்கான விழிப்புணர்வு வகுப்புகளால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு, வெறும் மேடைப் பேச்சோடு முடியாவிட்டால். 2021 முதல் 2030 வரை ஆரோக்கிய முதுமைக்கான பத்தாண்டு என்று ஐ.நா. அறிவித்திருக்கிறது. சரி, அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினால் யாருடைய முழங்காலும் வலுப்பெறாது.

செய்து பார்க்கும் வகுப்புதான் உதவும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவார்கள். வயதுக்குரிய அளவைவிடக் குறைந்தால், கீழே விழும் அபாயம் கூடுதல் என்று கணக்கு. அப்புறம், சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் எடுத்துவரச் சொல்வார்கள். தூக்க மாத்திரை தள்ளாட்டத்தைக் கூட்டும் என்பது பலருக்கு அங்கேதான் தெரியவரும். (தானாக நிறுத்தக் கூடாது, மருத்துவரைக் கேட்க வேண்டும்.)

கூட்டத்துக்கே வர முடியாதவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. அவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.